சுவரின் குளிர்ச்சி

அக்கினி நட்சத்திரத்து மதியம். ஸ்ரீரங்கத்தில், சுடாத மண் செங்கல்லால் கட்டிய மைதிலியின் வீட்டுக் கூடத்தில், பூச்சில்லாத சுவர்மேல் உள்ளங்கையை வைத்தபடி நிற்கிறாள் அம்மணி. இதே மாதிரி வீடு கட்டலாமா என்று பார்க்க மண்ணச்சநல்லூரிலிருந்து வந்திருக்கிறாள். செங்கல் இடைவெளிகள் வழியே வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் விழுகிறது. "ஏசியே இல்லாம இருபத்தாறு டிகிரி! நானே இவ்வளவு எதிர்பார்க்கலைங்க," என்று வெப்பமானியைத் தூக்கிக் காட்டுகிறார் வீட்டை வடிவமைத்த இன்ஜினியர் அருள்ராஜ். அவர் முகத்தில் பெருமை தாங்கவில்லை. மைதிலி படுக்கையறைக் கதவில் முதுகைச் சாய்த்து நிற்கிறாள். போன மாதம் இன்ஜினியருக்குத் தெரியாமல் மாட்டிய ஏசி அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. காலையிலிருந்து கதவைத் திறந்துபோட்டு ஓடவிட்டவள், கேட் சத்தம் கேட்ட பிறகுதான் அணைத்தாள். அந்த நல்ல மனுஷர் மனசு நோகக்கூடாது என்றுதான் மறைத்தாள். இன்னொருத்தி வந்து சுவரைத் தொட்டுப் பார்ப்பாள் என்று யார் கண்டது? கதவடியில் கசியும் குளிர் குதிகாலைச் சுடுகிறது. "எங்க வீட்டுக்காரர் பகல் பூரா ரைஸ்மில்லு பாய்லர்கிட்ட நிக்கிறவருங்க," என்கிறாள் அம்மணி, கையை எடுக்காமல். "வீட்டுக்கு வந்தாவது நல்லாத் தூங்கணும். இருக்குற ஒரு வயலையும் வித்துதான் கட்டப்போறோம். நீங்க சொல்லுங்கக்கா, கோடை பூரா இப்படியேதான் இருக்குமா?" கொல்லையில், ஏசிக் குழாயின் நுனியிலிருந்து வாழையிலைமேல் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. அருள்ராஜ் சிரித்த முகத்தோடு மைதிலியைப் பார்க்கிறார். "இருக்கும்ங்க," என்கிறாள் மைதிலி. அம்மணி கண்ணை மூடி, சுவரில் கன்னத்தை வைத்துக்கொள்கிறாள்.