எடுத்துக் கொடுத்தவர்

"ஓடி வாங்க மோதினாரே! கல்யாண சபை நிறைஞ்சாச்சு, நீங்க இன்னும் பட்டனோட மல்லுக்கட்டிட்டு நிக்கிறீங்க!"

பள்ளிவாசல் செயலாளர் முதுகைப் பிடித்துத் தள்ளாத குறை. மோதினார் பட்டனை விடவில்லை.

"தொழுகைக்குப் பாங்கு சொல்லணுமா, மோதினார். தொட்டிக்குத் தண்ணி விடணுமா, மோதினார். நிக்காஹ் ஓதறது மட்டும் இமாம் ஹஜ்ரத்! இருபது வருஷமா, எந்த ஹஜ்ரத் வந்தாலும் அதானே வழக்கம்? இன்னிக்கு என் தலையிலயா விடியணும்?"

"இன்னிக்கு ஹஜ்ரத் ஓத முடியாதுன்னு ஊருக்கே தெரியும். நடங்க!"

"தொண்டை நல்லாத்தானே இருக்கு அவருக்கு?"

"அட, நடங்கன்னா!"

மோதினார் மைக் முன்னால் உட்கார்ந்தார். எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் ஹஜ்ரத்! வயது முப்பதுகூட ஆகவில்லை. அதற்குள் முந்நூறு நிக்காஹ் நடத்தி வைத்தவர். அவர் முன்னால் ஓதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஒரு வார்த்தை பிசகினாலும் போச்சு, நாளைக்குப் பாங்கு சொல்லும்போதுகூட ஊர் சிரிக்கும்.

பிரசங்கத்தின் முதல் நாலு வரி தண்ணீர்பட்ட பாடாக வந்தது. ஐந்தாவது வரியைக் காணோம்! மோதினார் செருமினார். கூரையைப் பார்த்தார். அங்கேயும் இல்லை.

"பாங்கைச் சொல்லிடாதீங்க மோதினாரே!" என்றது பின்வரிசை. கொல்லென்று சிரிப்பு.

குனிந்த தலை நிமிராமல், ஹஜ்ரத் அந்த வரியை முணுமுணுத்தார். மோதினார் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"நிதானமா ஓதுங்க. பஸ் ஒண்ணும் போயிடாது" என்று கிசுகிசுத்தார் ஹஜ்ரத்.

அதற்குப் பிறகு மோதினாருக்குத் தடையே இல்லை. முடித்தபோது, "மாஷா அல்லாஹ்! நமக்கு ரெண்டாவது ஹஜ்ரத் கிடைச்சாச்சு!" என்று செயலாளரே தொடையைத் தட்டினார். மோதினாரின் நெஞ்சு ஓர் அங்குலம் உயர்ந்தது. அதே மிடுக்கோடு, பெண்ணின் பெயரைச் சொல்லி, கணீரென்று கேட்டார்.

"இந்த நிக்காஹை ஏற்றுக்கொண்டீர்களா?"

சபை கழுத்தை நீட்டிப் பார்த்தது.

எதிரே ஹஜ்ரத்தின் வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

மோதினார் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார்.

"'கபூல்'னு சொல்லுங்க ஹஜ்ரத்! முந்நூறு பேருக்கு எடுத்துக் கொடுத்தவர், நீங்களே மாப்பிள்ளையானதும் மறந்துட்டீங்களே!"