நட்சத்திரம் கட்ட வந்தவர்

"இன்னும் கொஞ்சம் மேல. அவரு இவ்வளவு தாழ்த்திக் கட்டமாட்டாரு."

கீழே நின்றபடி ஜெசிந்தா சொன்னதும், வாசற்படியில் நின்றிருந்த ஒச்சப்பன் குதிகாலை உயர்த்தினார். தோளில் நான்கு வயது ஜோயல் உட்கார்ந்திருந்தான். அவன் கையில் சிவப்புக் காகித நட்சத்திரத்தின் கயிறு.

வீட்டின் கடைக்குட்டி, அப்பாவின் தோளில் ஏறி நட்சத்திரம் கட்ட வேண்டும். அது ஜெசிந்தாவின் கணவர் ஜெரால்டு ஏற்படுத்தி வைத்த வழக்கம். ஜெரால்டு இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த மூன்று கிறிஸ்துமஸுக்கும் தோள் கொடுக்க வந்தது ஒச்சப்பன்தான்.

"கட்டியாச்சு மாமா!" என்று ஜோயல் கைதட்டினான்.

பக்கத்து வீட்டு ஷபானா ஜன்னலில் தலையை நீட்டினாள். "ஒச்சப்பன் சேட்டன் வந்தாச்சா? ஜெரால்டு சேட்டனுக்கு இப்படி ஒரு கூட்டுக்காரன் கிடைச்சாரே! உடன்பிறந்தவங்க யாராவது இந்த மட்டாஞ்சேரிப் பக்கம் எட்டிப் பார்த்தாங்களா, சொல்லு ஜெசிந்தா?"

"குடில் வேலை அப்படியே கிடக்கு. வாங்க," என்று ஜெசிந்தா ஒச்சப்பனை மட்டும் கூப்பிட்டுவிட்டு உள்ளே போனாள். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அவரை 'அண்ணே' என்று அழைத்ததில்லை.

தோப்பும்படித் துறைமுகத்தில் மீன்பெட்டி சுமக்கிறவர் ஒச்சப்பன். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அய்யனாரையும் கருப்பசாமியையும் தவிர வேறு சாமி அறியாதவர். முதல் வருஷம் ஜெசிந்தா இயேசு பிறந்த கதையை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்து, "மனப்பாடம் பண்ணிட்டு வாங்க. வைக்கோல் பரப்பும்போது அவரு இதைச் சொல்லுவாரு," என்றாள். எழுத்துக்கூட்டிப் படித்து, ஒரு வாரத்தில் ஒப்பித்துவிட்டார்.

இன்றும் வைக்கோலைப் பரப்பிக்கொண்டே சொன்னார். "நிறைமாசக்காரியைக் கூட்டிக்கிட்டு சூசையப்பர் வீடு வீடா அலையிறாரு. சத்திரத்துல போய்க் கேட்டா, இங்க இடமில்லை போன்னு சொல்லிட்டாங்க…"

"மாமா," என்று குறுக்கிட்டாள் ஏழு வயது அம்மு. "இடமில்லைன்னு சொன்ன ஆளுக்கு அப்புறம் சங்கடமா இருந்திருக்குமா?"

ஒச்சப்பனின் கை வைக்கோலிலேயே நின்றது. "இருந்திருக்கும்மா. காலம் பூரா இருந்திருக்கும்."

"அப்போ ஓடிப்போய் அவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

அவர் மாட்டுப் பொம்மையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

குடில் முடிந்ததும் கேக்கை நடுவில் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு முதல் துண்டை ஊட்டிவிடுவதும் ஜெரால்டின் வழக்கம்தான். ஒச்சப்பன் அம்முவுக்கு ஊட்டினார். ஜோயல் வாயைத் திறக்காமல் அவர் முகத்தையே பார்த்தான்.

"என்னய்யா, வேணாமா?"

"மாமா, நான் உங்களை அப்பான்னு கூப்பிடட்டா? ஸ்கூல்ல எல்லாருக்கும் அப்பா உண்டு."

கேக்குத் துண்டு ஒச்சப்பனின் விரல்களுக்கிடையே நொறுங்கி விழுந்தது. பயந்தவர்போல ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"கூப்பிடுடா," என்றாள்.

"அப்பா!" என்று ஜோயல் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அம்முவும் சிரித்தபடி மறுபக்கம் வந்து தொற்றிக்கொண்டாள். இரண்டு பிள்ளைகளின் நடுவே ஒச்சப்பன் மூச்சுவிடச் சிரமப்படுகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலப் பூசைக்கு நேரம் நெருங்கியது. புது உடுப்பை ஷபானாவிடம் காட்டப் பிள்ளைகள் ஓடினார்கள். அவர்கள் படியிறங்கும் வரை காத்திருந்த ஒச்சப்பன், துண்டை எடுத்துக் கண்களை ஒற்றிக்கொண்டார்.

"தாயி, அடுத்த வருசம் நான் வரலை. என்னை விட்ருங்க."

ஜெசிந்தா தரையில் சிதறிக் கிடந்த வைக்கோலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஏன்?"

"மாமான்னு கூப்பிட்டப்பவே ராத்திரி தூக்கமில்லை. இப்ப அப்பாங்கிறான். அந்தப் பிஞ்சுக் கை கழுத்துல விழும்போது… என்னால தாங்க முடியலை தாயி. வேற எது சொன்னாலும் செய்யிறேன்."

"அவங்க கேட்டா என்ன சொல்றது?"

"செத்துப் போயிட்டேன்னு சொல்லிடுங்க."

"ஒரு அப்பா செத்தது பத்தாதா அவங்களுக்கு?"

சந்துக்கு அந்தப் பக்கமிருந்து பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஜெசிந்தா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவருக்கு எதிரே வந்து நின்றாள். "கோர்ட்டு வாசல்ல என் கால்ல விழுந்து என்ன சொன்னீங்க?"

"சாட்சி இல்லைன்னு கோர்ட்டுல என்னை விட்டுட்டாங்க, நீங்க என்ன தண்டனை கொடுத்தாலும் ஏத்துக்கிறேன்னு…"

"அது இன்னும் முடியலை. அவங்க அப்பா மேல லாரியை ஏத்திட்டு, நிறுத்தாமப் போனது நீங்கதான்னு அம்முவுக்குப் பதினெட்டு வயசாகுற கிறிஸ்துமஸ் அன்னைக்கு உங்க வாயாலயே சொல்லப்போறீங்க," என்றாள் ஜெசிந்தா, சத்தத்தை உயர்த்தாமல். "அதுவரைக்கும் ரெண்டு பேரும் உங்க மேல உயிரையே வைக்கட்டும்."