இரண்டு கேள்விக்குறி

"பதினாலு நாளா பையன் காலேஜுக்கு வரல. பெத்தவனுக்கு அதுகூடத் தெரியாதாய்யா?"

முதல்வர் வைத்திலிங்கத்துக்கு மைக் தேவையில்லை. அவர் தொண்டையிலேயே ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் அறையே அதிர்ந்தது.

தேவனாம்பட்டினத்திலிருந்து படகை விட்டுவிட்டு ஓடிவந்த ஆண்டி, நின்றபடியே போனை நீட்டினார். "ஒரு மெசேஜும் வரல சார். வந்திருந்தா உட்டிருப்பேனா?"

"பையைத் தூக்கிட்டுக் கெளம்புனா காலேஜுக்குன்னு நம்பிடறதா? நானும் ஒருத்தனைச் சிதம்பரத்துலேர்ந்து தெனம் பஸ் ஏத்திவிட்டு இங்கயேதான் படிக்க வைக்கிறேன். வளக்கற வெதத்துல இருக்குய்யா."

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள் கல்லூரி ஊழியர் சத்யப்பிரியா. வகுப்புக்கு வராதவர்களின் பெற்றோருக்குத் தகவல் அனுப்பும் இந்த மெசேஜ் புரோகிராம் அவள் எழுதியது.

"மெசேஜ் போயிருக்கு சார். பசங்களுக்கே போயிருக்கு."

"என்னது?"

"புரோகிராம்ல நம்பரைப் பதியற கட்டளையில, நம்பர் வர்ற எடத்துல ரெண்டு கேள்விக்குறி இருக்கும் சார். மொதல்ல அப்பா நம்பர், அடுத்தது பையன் நம்பர் குடுக்கணும். 'அப்பா', 'பையன்'னு பேர் போட்டுக் குடுத்தாலும் அது படிக்காது. வர்ற வரிசையத்தான் பாக்கும். நான் வரிசைய மாத்திக் குடுத்துட்டேன்."

"மட்டம் போட்டவன் பூரா தனக்குத்தானே மெசேஜ் வாங்கிட்டுத் திரிஞ்சிருக்கான். நீ அவனுங்களுக்குக் கூட்டா?"

"தப்பு என்னுதுதான் சார். சரி பண்ணிட்டேன். இனிமே கரெக்டாப் போவும்."

"பழைய மெசேஜெல்லாம்?"

திரையில் இருந்த, மட்டம் போட்ட முப்பத்தொரு பேரின் பெயரையும் மேலிருந்து கீழே பார்த்தாள்.

"பழசு வேணாம் சார். நானே ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"யாரைக் காப்பாத்தப் பாக்கற?"

"சார், ஒரு நிமிஷம் தனியா..."

"தனியா என்ன தனியா? இவர் முன்னாடியே சொல்லு."

அவள் ஆண்டியை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப எல்லாத்தையும் அனுப்பு. அனுப்பிட்டு ராஜினாமா எழுதி வெச்சுட்டுக் கெளம்பு. ஒவ்வொரு அப்பனுக்கும் ஒறைக்கட்டும்."

சத்யப்பிரியா கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

ஆண்டியின் போன் 'டிங்' என்றது. அடுத்த நொடி வைத்திலிங்கத்தின் சட்டைப்பையிலும் ஒரு 'டிங்'.

எடுத்துப் பார்த்தார்.

'தங்கள் மகன் இளவரசு இம்மாதம் பதினேழு நாள் வகுப்புக்கு வரவில்லை.'

மைக் கட்டாகிவிட்டது.

ராஜினாமா எழுதத் தாளை எடுத்தவள் தலை நிமிரவில்லை. "அதான் சார், தனியாச் சொல்லலாம்னு..."

எழுத வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார் வைத்திலிங்கம்.

அவ்வளவு நேரம் தனக்கு யாரும் காட்டாத நாற்காலியை ஆண்டி அவர் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க சார். கேட்டவொடனே எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."