உபயம்: திருமூர்த்தி – வான்மதி

“நானு உங்கள அக்கான்னு கூப்புட்டா, என்ன கேட்டாலும் குடுப்பீங்களா?” என்று எஸ்தர் ஒருநாள் கேட்டாள்.

“கேட்டுத்தான் பாரேன்” என்றாள் வான்மதி.

எஸ்தர் யோசித்தாள். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சிரித்துவிட்டு, மருந்துப் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டாள்.

அது ஆப்பிரிக்காவில் ஒரு மலைக் கிராமம். இரண்டு வருடங்களுக்கு முன்னால்.

இப்போது வான்மதி அமெரிக்காவின் மில்பிடாஸில், ஒரு பள்ளிக்கூடத்து கஃபெடேரியாவில், மைக்கின் முன்னால் நிற்கிறாள். 1999 மே மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம். எதிரே இருநூறு பேர், காகிதத் தட்டில் புளியோதரை. ஒவ்வொரு மேஜையிலும் நிரப்பப்படாத நன்கொடைச் சீட்டுகள்.

தமிழ்ச் சங்கமும் அந்தக் கிராமமும் கூட்டுச் சேர்ந்து அங்கே ஒரு பள்ளிக்கூடமும் சிறு ஆஸ்பத்திரியும் நடத்துகின்றன. கோடை தவறாமல் வான்மதியும் கணவன் திருமூர்த்தியும் லீவு போட்டுவிட்டுப் போவார்கள். அவள் பார்மசிஸ்ட். எஸ்தர் அங்கே நர்ஸ், அந்த ஊர்க்காரி.

திரையில் ஓர் இரும்புக் கதவு. ஆஸ்பத்திரி மருந்தறையின் கதவு. நெஞ்சு உயரத்தில் ஒரு பித்தளைப் பலகை. அதில் தமிழில்: உபயம், திருமூர்த்தி – வான்மதி, மில்பிடாஸ். சுற்றிலும் இரும்பு நசுங்கிக் கிடக்கிறது.

சங்கத் தலைவர் வெள்ளியங்கிரி அங்கிள் இப்போதுதான் எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு உட்கார்ந்தார். “டியூப்லைட்ல பேர் போட்டா வெளிச்சம் வராதும்பீங்களே. பாத்துக்குங்க, பேர் போட்ட கதவு ரெண்டு உசுரக் காப்பாத்தியிருக்கு.”

அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஆறு கதவு வேண்டும். ஆறிலும் பெயர் போடலாம். அவள் பேசி முடித்ததும் சீட்டுகள் நிரம்பும்.

வரும் வழியில் ஃப்ரீவேயில் திருமூர்த்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டே கார் ஓட்டினான். கதவு காப்பாற்றியதைச் சொன்னால் போதும் என்றான். மற்றதைச் சொன்னால் ஒரு கதவுகூட அங்கே போய்ச் சேராது என்றான். ஒன்பது மாதமாக அவள் கனவில் அலறும்போதெல்லாம் எழுந்து பால் காய்ச்சிக் கொடுப்பவன் அவன்.

வான்மதி பேச ஆரம்பித்தாள்.

போன கோடையில் ஒருநாள், பகல் பதினொரு மணி. மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள். பதினைந்து பேர் இருக்கலாம். வாசலில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த காவலாளியின் கழுத்தில்தான் முதல் வெட்டு. கையில் சீட்டோடு அவர் அப்படியே சரிந்தார். பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்த தாய்மார்கள் சுவரேறிக் குதித்தார்கள். குதிக்க முடியாத ஒருத்தியை முடியைப் பிடித்து முற்றத்தில் இழுத்துப்போனார்கள்.

நாங்கள் மருந்தறைக்குள் இருந்தோம். மூன்று தாழ்ப்பாளையும் போட்டோம்.

கதவில் கோடாலி விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் அலமாரியிலிருந்து ஒரு பாட்டில் விழுந்து உடைந்தது. சுவர் அதிர்ந்தது. கதவு நின்றது.

கூட்டத்தில் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அந்த ஆட்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனார்கள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள். கோடாலியால் இல்லை. கையால்.

இந்த இடத்தில் அவள் சொல்லும் வரி ஒன்று உண்டு. தூதரகத்தில் சொன்னாள், சங்கத்தில் சொன்னாள், கோயம்புத்தூருக்குப் போன் பண்ணி அம்மாவிடம் சொன்னாள். வெளியே யாரோ கத்தினார்கள், அந்த ஊர்ப் பாஷை எங்களுக்குப் புரியவில்லை.

எஸ்தர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றப் போய் இறந்தாள் என்று சங்கத்து மலரில் அச்சாகியிருந்தது. பக்கத்திலேயே அவள் படமும் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்ததும் வான்மதிதான்.

முன்வரிசையில் திருமூர்த்தி தலையசைத்தான். சொல்லு, அவ்வளவுதான், முடிந்தது என்பதுபோல.

அவள் திரையைப் பார்த்தாள்.

பலகை பளபளவென்று இருந்தது. இந்தப் படம் எடுப்பதற்கு முன்னால் பஞ்சில் டெட்டால் நனைத்து அதைத் துடைத்தவள் அவள். எழுத்துகளின் குழிக்குள் போயிருந்த ரத்தம் லேசில் வரவில்லை. தன் பெயரின் கடைசி எழுத்தை ஊசி முனையால் சுரண்ட வேண்டியிருந்தது.

அன்று அந்தக் கை கதவைத் தட்டியபோது திருமூர்த்தி மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அவளைத் தடுக்கவில்லை. இரண்டு தாழ்ப்பாளை அவளே நீக்கிவிட்டாள். மூன்றாவதின் மேல் அவள் கை இருந்தது.

தூரத்தில் அவர்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. வந்து சேர இன்னும் நேரம் இருந்தது. ஒருத்தி உள்ளே வந்து கதவைச் சாத்துமளவுக்கு நேரம் இருந்தது.

நீக்கிய இரண்டையும் அவள் திரும்பப் போட்டாள்.

“வெளியே யாரோ…” என்று மைக்கில் தொடங்கி, நிறுத்தினாள்.

திருமூர்த்தி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். வெள்ளியங்கிரி அங்கிள் யாரிடமோ சைகையில் தண்ணீர் கேட்டார். மேஜைகளில் பேனாக்கள் காத்திருந்தன.

மூன்று கோடைகள் பக்கத்தில் உட்கார்ந்து வான்மதி சொல்லிக் கொடுத்த தமிழ் அது. தன் கோயம்புத்தூர் இழுவை மாறாமல், கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே மெல்லிய குரலில், அவள் அதைச் சொன்னாள்.

“அக்கா, கதவத் தொறங்க. நாந்தான் எஸ்தர். நான் மட்டுந்தான் இருக்கறனுங்க.”