மிச்சம் பதினெட்டு வரி

என் மூட்டுவலியை நான் எழுதி வைப்பதில்லை, சால்வையாகப் பின்னி வைக்கிறேன். நாளுக்கு ஒரு வரி. வலித்தால் சிவப்புக் கம்பளி நூல், வலிக்காவிட்டால் வெள்ளை. இன்றோடு இருநூற்றுப் பன்னிரண்டு வரி.

சாயங்காலமானால் அக்கா என் முழங்காலை நீவிவிட்டு, "நாளைக்குச் சரியாயிடும்டி" என்பாள். நானும் நம்பித் தொலைப்பேன்.

இன்று போர்வை தேடி அவள் அலமாரியைத் திறந்தேன். அடியில் இன்னொரு சால்வை, மடிப்பெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. வரிக்கு வரி என்னுடையதேதான். போன வாரம் நான் தவறவிட்ட கண்ணிகூட அதில் இருந்தது. எண்ணினேன். இருநூற்று முப்பது. மிச்சப் பதினெட்டும் சிவப்பு. கடைசி வரியில் முடிச்சுப் போட்டு, நூலை வெட்டியிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

அவள் சால்வையை வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள். என் முழங்காலில் கைவைத்தாள்.

"நாளைக்குச் சரியாயிடும்டி."