சீனிப் போத்தல்

வதனி சீனிப் போத்தலை எப்போதும் தண்ணீர்த் தட்டின் நடுவில்தான் வைப்பாள். ஏழாம் மாடி வீடு. ஜன்னலுக்கு வெளியே பாதி வருடம் பனி.

"இஞ்ச எறும்பே இல்லை. பிறகு ஏனப்பா தண்ணி?" என்பான் அவள் கணவன் குகனேசன். அவள் தண்ணீரை மாற்றுவாள்.

குடியுரிமைச் சத்தியம் எடுத்துவிட்டு வந்த அன்று, ஊரிலிருந்து வந்திருந்த பனங்கட்டிப் பார்சலைப் பிரித்தார்கள். ஓலைக்குள்ளிருந்து ஓர் எறும்பு வெளியே வந்தது. குகனேசன் நசுக்க விரலை நீட்டினான்.

"விடுங்கோ," என்றாள். தட்டிலிருந்த தண்ணீரைச் சிங்கில் ஊற்றிவிட்டு, போத்தலைத் திறந்து எறும்பின் முன்னால் கொஞ்சம் சீனி கொட்டினாள்.

எறும்பு சீனியைத் தொடவில்லை. மேசையின் விளிம்புவரை போய், திரும்பி, மறு விளிம்புக்கு ஓடியது. குகனேசன் கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தான்.

"தனிய வந்திட்டுது," என்றான்.