நீலக் கேட் வீடு

"ரெண்டாவது படி முங்கிடுச்சும்மா. மூணாவதுக்கு நாலு விரக்கடைதான் பாக்கி."

மழை இரைச்சலை மீறிக்கொண்டு அந்தம்மாவின் குரல் போனில் கேட்டது. பொறியாளர் தேதியையும் மணியையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"வீட்டுக்குள்ள எவ்வளவு நிக்குது?"

"உள்ள தெரியலைம்மா. படிதான் தெரியுது. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க. அந்த நீலக் கேட் வீடு, பச்சைக்குழந்தை இருக்கிற வீடும்மா."

அலுவலகத்தில் அந்தம்மாவுக்கு 'மழைக்காரி' என்று பேர். வானிலை அறிக்கை பொய்த்தாலும் பொய்க்கும், மழைக்காரியின் போன் பொய்க்காது என்று படம் வரைபவர் சிரிப்பார். ஆனால் அந்தப் பகுதிக்கு மழைநீர் வடிகால் திட்டம் போட உட்கார்ந்தபோது, எந்த மழைக்கு எவ்வளவு தண்ணீர் நின்றது என்ற உருப்படியான விவரம் அந்த நோட்டில் மட்டும்தான் இருந்தது. நீலக் கேட் வீட்டு வாசலில் மூன்று வருஷத்து மழை, படிப்படியாக.

"மெயின் ரோடே மிதக்குது. முதல் கட்டத்துல ஒரு சின்னச் சந்துக்கா இடம் கொடுப்பாங்க?" என்று மேலதிகாரி முகம் சுளித்தார்.

அவள் நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தாள். நாலைந்து பக்கம் புரட்டியவர், பேனாவை எடுத்துச் சந்தின் மேல் சிவப்புக் கோடு போட்டார்.

கால்வாய் வாசல்களை ஒட்டிப் போவதால் எல்லார் வீட்டுப் படியையும் இடிக்க வேண்டும். அதற்கு வீட்டுக்கு வீடு சம்மதக் கையெழுத்து வேண்டும். வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளே கிளம்பினாள். காலையிலிருந்து தூறல்.

பதினாறு வீட்டிலும் மறுபேச்சு இல்லை. "இன்னிக்கே இடிங்க, கடப்பாரை நான் தர்றேன்" என்றார் ஒருத்தர்.

நீலக் கேட் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். நல்ல சேதியை நேரில் சொல்லி அந்த முகத்தைப் பார்க்க ஆசை.

இடுப்பில் குழந்தையோடு ஒரு இளம்பெண் கதவைத் திறந்தாள். உள்ளே சுவர் முழுக்க முழங்கால் உயரத்துக்கு ஈரக்கறை. கட்டிலை நாலு பக்கமும் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்திருந்தார்கள்.

"மழைக்கு மழை போன் பண்ணீங்களே, அது வீண் போகலைம்மா" என்றாள் பொறியாளர். "உங்க சந்துலதான் முதல்ல வேலை ஆரம்பிக்கப்போறோம்."

"போனா? நான் பண்ணினதே இல்லைங்களே. அவருக்கும் உங்க நம்பர் தெரியாது."

குரலும் அந்தக் குரல் இல்லைதான். பொறியாளர் காகிதத்தையும் பேனாவையும் அவளிடம் கொடுத்து, "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க, இதோ வந்துடறேன்" என்று வாசலுக்கு வந்தாள். நோட்டில் இருந்த எண்ணை அழுத்தினாள்.

எதிர்வரிசையில் பூட்டிக் கிடந்த தையல்கடையின் வாசலில் மணி அடித்தது. அங்கே குடையும் கையுமாக நின்றிருந்த ஒரு அம்மா, அவசரமாகப் பையைத் துழாவினாள். சேலை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது.

பொறியாளர் தெருவைத் தாண்டிப் போய் எதிரே நின்றாள். "நீங்க இந்தச் சந்தே இல்லையா?"

"ரெண்டு பஸ் மாறி வரணும்." அந்தம்மா போனை அணைத்துவிட்டுத் தலை குனிந்தாள். "அது என் பொண்ணு வீடும்மா. மனசுக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டு வந்து நின்னா. இனிமே என் வாசலை மிதிக்காதேன்னு சொல்லித் தொரத்திட்டேன். ஆறு வருஷம் ஆச்சு. இப்போ நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவ வாசலை மிதிக்கறது?"

"அதெல்லாம் அவங்க மறந்திருப்பாங்க. வாங்க, நான் கூட வர்றேன்."

"ஐயோ, வேண்டாம்மா! அவ வாசலுக்கு வந்தாலே குடையைச் சாய்ச்சுக்கிட்டு நடந்துடுவேன். வானம் இருட்டினா மனசு கேக்கறதில்லை, ஓடி வந்துடறேன். தண்ணி வடிஞ்சதும் போயிடுவேன். நான் வந்து நிக்கிறது அவளுக்குத் தெரியவே கூடாது."

"இனிமே நீங்க நனைய வேண்டாம்மா. அடுத்த மழைக்காலத்துக்குள்ள வேலை முடிஞ்சிடும். இங்க தண்ணியே நிக்காது."

"அப்பாடா" என்றாள் அந்தம்மா. சிரிக்கத்தான் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது.

பொறியாளர் திரும்பி வந்தபோது காகிதம் அப்படியே கட்டில்மேல் கிடந்தது. பேனா குழந்தையின் வாயில் இருந்தது. அந்தப் பெண் ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"மேடம், இந்த வேலையைக் கொஞ்ச நாள் தள்ளிப் போட முடியாதா?"

பொறியாளருக்குச் சுருக்கென்றது. "என்னம்மா பேசறீங்க? தெருவே கையெழுத்துப் போட்டாச்சு. குழந்தையை வெச்சுக்கிட்டு முழங்கால் தண்ணியில அல்லாடினது போதாதா? வேலை முடிஞ்சா ஒரு சொட்டுத் தண்ணி வராது."

"அதுக்குத்தான் மேடம் சொல்றேன்."

ஜன்னல் திரையை ஒரு விரல் அகலம் விலக்கி, எதிர்வரிசையைப் பார்த்தபடியே நின்றாள். திரும்பாமலேயே சொன்னாள்:

"தண்ணி வரலைன்னா, எங்கம்மாவும் வரமாட்டாங்களே."